வெள்ளிக்கிழமை அரைமணி நேரம்

"எத்தனை நாள் படுக்கணும்?"

மெஹராஜ் பேகத்தை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்த அன்று, அவருடைய கொழுந்தன் மகன் சேக் தாவூது டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். எத்தனை நாளில் எழுந்திருப்பார் என்று அவன் கேட்கவில்லை. எனக்கு அப்போதே சுருக்கென்றது. முத்துப்பேட்டையில் இருபத்திரண்டு வருஷம் நர்சு வேலை பார்த்தவள் நான். கூட வருகிறவர்கள் வாயைத் திறந்ததும் யாருக்கு என்ன அவசரம் என்று தெரிந்துவிடும். மலர்கொடிக்கு வாய் நீளம் என்று ஆஸ்பத்திரியில் பெயர். இருக்கட்டுமே! கடற்கரையில் மீன் ஏலம் கூவிய அம்மாவுக்குப் பிறந்தவள் பின்னே எப்படி இருப்பாள்?

"படுக்க வேண்டிய நாள் கொஞ்சம்தான். நடக்க வேண்டிய நாள்தான் நிறைய" என்று டாக்டருக்கு முந்திக்கொண்டு நானே சொன்னேன். டாக்டர் பஞ்சநதம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவருக்கு இது பழகிப்போன விஷயம்.

2009, பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள். களத்தில் அரை மூட்டை நெல்லை ஓரமாக நகர்த்தியிருக்கிறார் மெஹராஜ் பேகம். முதுகில் படக்கென்று ஒரு சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டார். எக்ஸ்ரேயில் இடுப்புக்கு மேலே ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கியிருந்தது. தஞ்சாவூருக்கு அனுப்பி எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுத்தாயிற்று.

அவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் தாவூதின் அவசரம் புரியும். வயது அறுபத்து நாலு. கணவர் முகம்மது யூசுப் மலேசியாவில் கடை வைத்திருந்தவர். 1994இல் அங்கேயே மௌத்தாகிவிட்டார். மிச்சம் ஒன்பது மா நஞ்சை, அதாவது மூணு ஏக்கர்; லத்தீஃபா என்று ஒரே மகள். அந்தத் தெருவில் பெண்கள் நிலத்தைக் குத்தகைக்கு விடுவார்கள், வயலுக்குப் போகமாட்டார்கள். மெஹராஜ் பேகம் போனார். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். ஊர் ஒரு வருஷம் பேசியது. இரண்டாம் வருஷம் மா ஒன்றுக்கு எவ்வளவு கண்டது என்று அவரிடமே வந்து விசாரித்தது.

அந்த ஒன்பது மாவுக்கு மேற்கே ரெங்கசாமியின் இறால் குட்டைகள். ரெங்கசாமி கரைவேட்டிக்காரர். ஆட்சி மாறினால் கரையின் நிறம் மாறும், கார் மட்டும் அதே கார்தான். உப்புத் தண்ணீரைக் கட்டி இறால் வளர்க்கிறவருக்கு இந்த ஒன்பது மாவும் வேண்டும். அதற்குக் கிழக்கே பதினோரு குடும்பங்களின் வயல் இருக்கிறது. எல்லாம் இரண்டு மா, மூன்று மா. மெஹராஜ் பேகத்திடம் வேலை பார்க்கும் வைரக்கண்ணுவின் இரண்டு மாவும் அதில் உண்டு. இடையில் இருக்கும் ஒன்பது மா குட்டையாகிவிட்டால் உப்பு கசிந்து அத்தனை வயலும் போகும். பதினைந்து வருஷமாக அந்த அம்மா விற்கமாட்டேன் என்று நின்றார். இப்போது முதுகு போய்விட்டது. ரெங்கசாமியிடம் தரகு பேசியிருந்த சேக் தாவூது பவர் பத்திரத்தோடு காத்திருந்தான்.

ஸ்கேன் வந்த அன்று டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, டி-ஸ்கோர் மைனஸ் மூணு புள்ளி நாலு. ஆஸ்டியோபோரோசிஸ். வாரம் ஒரு மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி. கனம் தூக்காதீங்க, குனியாதீங்க, விழுந்துடாதீங்க. மத்தது சிஸ்டர் சொல்லுவாங்க."

நல்ல மனுஷர்தான். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மா மைனஸ் மூணைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

ஊசி போடும் அறையில் உட்காரவைத்தேன். பெல்ட் கட்டிய இடுப்போடு நிமிர்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"நர்சம்மா, நான் விழல. அடிபடல. அரை மூட்டையை நகர்த்தினதுக்கா எலும்பு ஒடியும்? எனக்கு என்னதான் ஆச்சு, ஒளிக்காம சொல்லுங்க."

"எலும்பு கருங்கல்லு இல்லம்மா. உள்ளுக்குள்ள பழசைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு எடுத்துட்டு, புதுசா வச்சுக் கட்டிக்கிட்டே இருக்கும் உடம்பு. வயசுல கட்டுற வேலை ஜாஸ்தி. மாதவிலக்கு நின்னுட்டா அரிக்கிற வேலை ஜாஸ்தியாயிடும். உங்களுக்கு முப்பத்தாறு வயசிலேயே கர்ப்பப்பையோட சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்டாங்க. இருபத்தெட்டு வருஷமா அரிச்சுக்கிட்டே இருந்திருக்கு. வலி இருக்காது, வெளியில ஒண்ணும் தெரியாது."

இடுப்பு பெல்ட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வரப்புல நண்டு வளை போட்ட மாதிரி."

"எப்படி?"

"மேல புல்லு பச்சைப்பசேல்னு இருக்கும். நாமளும் அது மேலயே நடப்போம். உள்ளுக்குள்ள நண்டு பூரா குடைஞ்சு வச்சிருக்கும். ஒருநாள் மதகைத் திறந்துவிட்டா வரப்பு உடைச்சுக்கிட்டுப் போயிடும். தண்ணி மேல குத்தம் சொல்லுவாங்க. தண்ணி என்ன பண்ணும்?"

அடேங்கப்பா! பயிற்சியில் எனக்கு மூன்று நாள் பாடம் நடத்தியவர்கள் ஒருத்தரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. "அதேதாம்மா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப இந்த மாத்திரை?"

"நண்டை நிறுத்தும்."

"மண்ணு வேணுமே?"

"கால்சியமும் வைட்டமின் டியும் மண்ணு. நீங்க நடக்கிறது, நாற்காலியிலேருந்து கை ஊணாம எழுந்திருக்கிறது, அது மண்ணைப் போட்டு மிதிக்கிறது. மூணும் வேணும்."

"உடைஞ்ச இடம்?"

"ரெண்டு மூணு மாசத்துல தானா கூடிடும். கொஞ்சம் தாழ்ந்தேதான் இருக்கும். நாம பார்க்கிறது இன்னொரு உடைப்பு வராம இருக்கிறதுக்கு. மாத்திரை அஞ்சு வருஷம், அதுக்கப்புறம் டாக்டர் பார்த்துச் சொல்லுவாரு."

"அஞ்சு வருஷம் வரப்பு கட்டுறது எனக்குப் புதுசா?" என்று சிரித்தார். வாரத்துக்கு ஒன்று என்றால் வெள்ளிக்கிழமைதான் என்றும் அவரே முடிவு செய்துவிட்டார். நான் விதிகளை ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னேன். விடிகாலை வெறும் வயிறு. ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீர். டீயோ பாலோ கூடாது. அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, படுக்கக் கூடாது. மாத்திரை மேலே ஏறி வந்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நானும் பெரிய வேலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நாலாவது வாரம் லத்தீஃபா போன் செய்தாள். "அக்கா, உம்மாவுக்கு நெஞ்செல்லாம் எரியுது. சோறு இறங்க மாட்டேங்குது. மாத்திரை ஒத்துக்கலன்னு நிறுத்தியாச்சு. படுத்தே இருக்காங்க. தாவூது அண்ணன் வேற தினம் வந்து பத்திரத்தை நீட்டுறாரு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். டியூட்டி முடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போனேன். கட்டிலில் சுருண்டு கிடந்தார். தலைமாட்டில் பச்சை நிறப் பத்திரத்தாள்; பக்கத்தில் பேனா வேறு தயாராக.

"மாத்திரை போட்டுட்டுப் படுத்தீங்களா?"

"இல்ல மலரு. அல்லா மேல ஆணை."

"டீ குடிச்சீங்களா?"

"ஒரு சொட்டு இல்ல."

"அப்ப அரைமணி நேரம் என்னதான் பண்ணீங்க?"

"என்ன பண்ணுவேன்? பாங்கு சொன்னதும் மாத்திரை போட்டேன். அப்புறம் சுபுஹு தொழுதேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விடிகாலைத் தொழுகையில் சுன்னத்து இரண்டு ரக்அத்து, ஃபர்ளு இரண்டு. ஒவ்வொன்றிலும் குனிந்து, இரண்டு தடவை நெற்றியைத் தரையில் வைத்து எழுந்திருக்கிறார். வயிறு மேலே, தொண்டை கீழே. மாத்திரை கரைந்துகொண்டிருக்கிற நேரம்! போதாததற்கு நசுங்கின முதுகைப் பன்னிரண்டு தடவை மடக்கியிருக்கிறார்.

"டாக்டர் குனியாதீங்கன்னு சொன்னாருல்ல?"

"வேலைவெட்டிக்குக் குனியாதன்னு சொன்னாரு. தொழுகைக்குமா?"

தலையில் அடித்துக்கொண்டேன், அவர் தலையில் அல்ல, என் தலையில். இருபத்திரண்டு வருஷம் பாங்குச் சத்தத்துக்கு எழுந்திருக்கிற ஊரில் வேலை பார்த்துவிட்டு, 'விடிகாலை வெறும் வயிறு' என்று சொல்லியிருக்கிறேன். அந்த வேளையில் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்காதவள் நான். "தப்பு என்னோடதும்மா" என்றேன். வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டதில் கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

மறுநாள் டாக்டர் பார்த்தார். மாத்திரை நின்றது நின்றபடியே இருக்கட்டும் என்று, தொண்டைப் புண்ணுக்கு மூன்று வாரம் மருந்து கொடுத்தார். ஆறியதும் மறுபடி தொடங்கலாம், அப்போதும் எரிந்தால் வருஷத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது என்றார். நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதற்குத்தான் அந்த அம்மா லேசில் மசியவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் லத்தீஃபா ஆளனுப்பிக் கேட்டாள். நோய்க்காரருக்கு நாற்காலி போதும், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அடங்கினார்.

புது முறை இது. சுபுஹை நாற்காலியில் தொழுது முடித்துவிட வேண்டும். அப்புறம்தான் மாத்திரை. அதற்கப்புறம் அரைமணி நேரம்.

"உக்காந்திருந்தா தூக்கம் சொக்குது மலரு. சாஞ்சுடுவேனோன்னு பயமா இருக்கு."

"அப்ப நடங்க. பெல்ட்டைக் கட்டிக்கிட்டு, லத்தீஃபா கையைப் பிடிச்சுக்கிட்டு."

முதல் வெள்ளி வாசல்வரை. அடுத்த வெள்ளி தெருமுனை. மற்ற நாட்களிலும் நடந்தார், ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு நாளும் தவறவில்லை. பகலில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கும் பயிற்சி; முதலில் ஒன்றுகூட முடியாமல் அழுதார். பங்குனி பாதியில் ஏழு தடவை எழுந்தார். அந்த மாதக் கடைசி வெள்ளியில் லத்தீஃபாவின் கையை விட்டுவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு தன் வயலுக்கே போய்ச் சேர்ந்தார். அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து காய்த்து நின்றது.

மேற்கு வரப்பு இருந்த இடத்தில் இல்லை.

முந்தின ராத்திரி பொக்லைன் கொண்டு பழைய வரப்பை வழித்து, பன்னிரண்டு அடி உள்ளே தள்ளிப் புது வரப்பு போட்டிருந்தார்கள். எல்லைக்கல்லைப் பிடுங்கி அந்தப் புது வரப்பில் நட்டிருந்தார்கள். நசுங்கின உளுந்துச் செடிகள் மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. படுத்துக் கிடக்கிற பொம்பளை எங்கே பார்க்கப் போகிறாள் என்ற தைரியம்.

வைரக்கண்ணு ஓடிவந்தான். "பாயம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க. பதினோரு வீட்டு ஆளையும் கூட்டிட்டு வந்து இப்பவே வெட்டி எறியறேன்."

"அடப் பொறுடா. இப்ப கத்தினா, கல்லைப் பழையபடி நட்டுட்டு நான் கனாக் கண்டேன்னு சொல்லுவானுங்க. ஜமாபந்தி வருதுல்ல? அதுல இந்தக் கல்லுதான் எல்லைன்னு எழுதிக் கொடுக்கட்டும். எழுத்துல மாட்டட்டும்."

வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க் கணக்கையெல்லாம் தாலுக்கா ஆபீசில் வைத்துத் தணிக்கை பார்த்து மனு வாங்குவார்களே, அதுதான் ஜமாபந்தி. அதுவரை ஒரு மாதத்துக்கும் மேலே மெஹராஜ் பேகம் ஆடிய நாடகத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. தாவூது வரும்போதெல்லாம் கட்டிலில் முனகிக்கொண்டு கிடப்பார். அவன் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையிலேயே வந்து நின்றுவிட்டான். மாத்திரை போட்டுப் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. படுக்கவும் கூடாது, நிற்கவும் கூடாது! கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு, "யா அல்லா, சாயக்கூட முடியலடா தாவூது" என்று முனகியிருக்கிறார். அவன் உச்சுக்கொட்டிவிட்டுப் போனான். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் உம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

ஜமாபந்தி அன்று நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். உனக்கென்ன வேலை என்று கேட்டவர்களிடம், அந்த முதுகுக்கு நான்தான் பொறுப்பு என்றேன். கூடம் நிறையக் கூட்டம். மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. துப்பட்டியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார் மெஹராஜ் பேகம். முன்வரிசையில் ரெங்கசாமி, பக்கத்தில் தாவூது.

ஊர்ப் பெயரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி தாவூது கொடுத்திருந்த மனுவைப் படித்தார். நிலத்தின் உரிமையாளர் படுத்த படுக்கையாக இருப்பதால் சாகுபடி செய்வாரில்லை, நிலம் தரிசு கிடக்கிறது, மேற்கு எல்லை இப்போதுள்ள கல்லின்படியே பதிவாக வேண்டும், உறவினர் சேக் தாவூதே பார்த்துவருகிறார். எழுத்துப் பிசகாமல் அந்த அம்மா எதிர்பார்த்தபடியே இருந்தது.

"மெஹராஜ் பேகம் வரலியா?"

"சார், பெரியம்மாவால எந்திரிக்க முடியாது சார். முதுகெலும்பு முறிஞ்சிடுச்சு. எக்ஸ்ரே இருக்கு, பாருங்க." எங்கள் ஆஸ்பத்திரி உறையிலிருந்தே படத்தை உருவி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். படுபாவி! நான் வாயைத் திறக்கப் போனேன். என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

மெஹராஜ் பேகம் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டார். பாதத்தைத் தரையில் அழுத்தினார். பெஞ்சைத் தொடாமல், என் தோளைத் தொடாமல், குடையையும் தொடாமல், நேராக எழுந்து நின்றார். துப்பட்டியை விலக்கிவிட்டு நடந்தார். கூட்டம் தானாக வழிவிட்டது.

"அந்த முதுகெலும்பு இதுதாங்கய்யா" என்றார்.

தாவூதின் கையிலிருந்த படம் அப்படியே அந்தரத்தில் நின்றது. ரெங்கசாமி முகத்தில் ஈயாடவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த உளுந்தை மேசைமேல் கொட்டினார் மெஹராஜ் பேகம். "தரிசுல விளைஞ்சதுங்க. கல்லு பங்குனி மாசம் பன்னிரண்டு அடி உள்ள நடந்து வந்துடுச்சு. நானும் அதே மாசம்தான் நடக்க ஆரம்பிச்சேன். ரெண்டு பேர்ல யாரு சரியான இடத்துல நிக்கிறோம்னு அளந்து பாருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அதிகாரி ஓர் உளுந்தை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு தாவூதைப் பார்த்தார். அந்தப் பார்வை ஒன்றே போதும், நான் லீவு போட்டதற்கு!

அளவைக்குக் குறித்த நாள் ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்தது. வெயிலுக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று சர்வேயர் விடியும்போதே வந்துவிட்டார். பதினோரு குடும்பமும் வரப்பில் நின்றது. சங்கிலி இழுத்து, புலப்படத்தை விரித்துவைத்துச் சரிபார்த்தார்கள். பன்னிரண்டு அடி நாலு அங்குலம். எல்லைக்கல் மறுபடி பழைய இடத்துக்கே போயிற்று. வைரக்கண்ணு கடப்பாரையால் மண்ணைக் கெட்டித்துக்கொண்டே, பாயம்மா ஜிந்தாபாத் என்று யாரும் கேட்காமலே கத்தினான். பின்னால் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். நானும்தான் போட்டேன், ஏன் போடக்கூடாது?

தாவூதுக்கு வேறு வழியில்லை. எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பெரியம்மா, ரொம்ப நேரமா நிக்கிறீங்க. சாஞ்சு உக்காருங்க."

"சர்வேயர் வந்த அவசரத்துல மாத்திரையை இங்க வந்துதான் போட்டேன்டா. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு." அவர் குடையை ஊன்றிக்கொண்டு, மேற்கே இறால் குட்டையைப் பார்த்தபடியே நின்றார்.

தாவூது என் பக்கம் நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "சிஸ்டர், இவங்க இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி நிப்பாங்க?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் தை மாதத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தேன்.

"மாத்திரை அஞ்சு வருஷம் தம்பி. அதுக்கப்புறம் அவங்க இஷ்டம்."